வீட்டுப் பெரியவங்களுக்கு மனநல உதவி தேடுறது எப்படி? பாத்துக்கிறவங்களுக்கும் சேர்த்து ஒரு வழிகாட்டி

அம்மாவுக்கு டிப்ரஷன்னு ஒரு டாக்டர் வாயால கேக்குறதுக்கு முன்னாடி நாங்க வயித்துக்கு ஒரு டாக்டர், முட்டிக்கு ஒரு டாக்டர், தலை சுத்தலுக்கு ஒரு டாக்டர்னு சுத்திட்டு வந்தோம். ஒவ்வொருத்தரும் அவங்க பங்குக்கு ஒரு மாத்திரைய சேர்த்தாங்களே தவிர, இவங்க ஏன் பேசுறதையே கொறச்சுட்டாங்கன்னு யாரும் கேக்கல. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்னுதான் இத எழுதுறேன்.

உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் மனசுல வாங்கிக்கோங்க. இது ஒரு ஆளுக்கான ட்ரீட்மென்ட் இல்ல, ரெண்டு பேருக்கானது. பெரியவர் ஒருத்தர், அவர பாத்துக்கிற நீங்க ஒருத்தர். "மொதல்ல அவங்க சரியாகட்டும், அப்புறம் என்னைப் பாத்துக்கலாம்"னு எல்லாரும் நினைக்கிறாங்க, ஆனா நடுவுல நீங்க படுத்துட்டா அவங்க ட்ரீட்மென்ட்டும் அங்கேயே நின்னுடும். அதனால கீழ சொல்ற ஒவ்வொரு படியிலயும் உங்களையும் சேர்த்துத்தான் சொல்லிருக்கேன்.

1. "வயசாச்சுல்ல, அப்படித்தான்"னு விடாதீங்க

வயசானா உடம்பு தளரும், சரி. ஆனா எப்பவும் சோகமா இருக்குறது, எதுலயும் ஆசை இல்லாம போறது, இதெல்லாம் வயசோட சேர்ந்து வர்ற விஷயம் இல்ல, அது நோய், அதுக்கு மருந்து இருக்கு. 70 வயசுக்கு மேல இருக்கவங்கள்ல சுமார் 14 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சனை இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதாவது கிட்டத்தட்ட ஏழு பேர்ல ஒருத்தர்.

பெரியவங்க பெரும்பாலும் "எனக்கு மனசு சரியில்ல"ன்னு சொல்ல மாட்டாங்க. உடம்பு வலிக்குது, தூக்கம் வரல, பசிக்கல, வயிறு சரியில்லன்னுதான் சொல்வாங்க, சிலர் ஒண்ணுமே சொல்லாம எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுவாங்க. நீங்க பாக்க வேண்டியது, முன்னாடி விருப்பமா செஞ்சத விட்டுட்டாங்களா, குளிக்க துணி மாத்த அலுத்துக்கிறாங்களா, எடை குறையுதா, போன் வந்தா எடுக்க மாட்டேங்குறாங்களா, "நான் உங்களுக்கெல்லாம் பாரம்"னு அடிக்கடி வாயில வருதா. இதுல சிலது சேர்ந்து ரெண்டு வாரம் விடாம இருந்தா டாக்டர்கிட்ட போற நேரம் வந்தாச்சு.

துணைய இழந்தவங்க விஷயத்துல ஒரு குழப்பம் வரும். துக்கம் அலை மாதிரி வந்து வந்து போகும், நடுவுல பழசப் பேசி சிரிக்கவும் செய்வாங்க. நடுவுல இடைவெளியே இல்லாம, தன்னையே வெறுத்துப் பேசிக்கிட்டு, சாப்பாடு தூக்கம் எல்லாம் கெட்டுப்போய் வாரக்கணக்கா இருந்தா துக்கம்னு சொல்லி தள்ளிப் போடாதீங்க. துக்கமும் டிப்ரஷனும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்துல வரலாம்.

2. மாத்தம் எவ்வளவு வேகமா வந்துச்சுன்னு பாருங்க, அவசரமா இல்லையான்னு அதுதான் சொல்லும்

இந்த ஒரு படிய நல்லா படிங்க. மூணு விஷயம் வெளிய இருந்து பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா வேகம் வேற வேற.

சில மணி நேரத்துல, ஒண்ணு ரெண்டு நாள்ல ஆளே மாறிட்டாங்க, இடம் தெரியல, நேத்து தெளிவா இருந்தவங்க இன்னைக்கு உளர்றாங்க, கொஞ்ச நேரம் தெளிவு கொஞ்ச நேரம் குழப்பம்னு மாறி மாறி வருதுன்னா அது டெலிரியம்ங்குற திடீர் மனக்குழப்பமா இருக்கலாம். இது உடம்புல ஏதோ பெருசா நடக்குதுங்குறதுக்கான அலாரம். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, தண்ணி கம்மியாகுறது, புது மாத்திரை, ஆபரேஷனுக்கு அப்புறம், மலச்சிக்கல் கூட காரணமா இருக்கலாம். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க, மனநல டாக்டர் அப்பாயின்மென்ட்டுக்கு காத்திருக்காதீங்க. எல்லாரும் ஏமாறுற எடம் என்னன்னா, டெலிரியம்னா கத்துவாங்க கையக்கால உதறுவாங்கன்னு நினைக்கிறோம், ஆனா பெரியவங்களுக்கு அமைதியா சுருண்டு படுத்துக்கிட்டு தூங்கி வழியுற வகையும் ரொம்ப சகஜம், அத "டயர்டா இருக்காங்க"ன்னு விட்டுடுவோம்.

வாரக்கணக்குல வந்தா டிப்ரஷன் பக்கம் யோசிக்கணும். மாசக்கணக்குல, வருஷக்கணக்குல மெதுவா மறதி கூடிக்கிட்டே வந்தா டிமென்ஷியாங்குற மறதி நோய் பக்கம். டிப்ரஷன்லயும் மறதி வரும். பெரும்பாலும் டிப்ரஷன் இருக்குறவங்க "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல"ன்னு அவங்களே புலம்புவாங்க, டிமென்ஷியா ஆரம்பிக்கிறவங்க அதையே மறைப்பாங்க, கூட இருக்கவங்கதான் கவலைப்படுவாங்க. ஆனா இத வச்சு நீங்களே முடிவு கட்டாதீங்க, ரெண்டும் சேர்ந்தும் இருக்கும்.

இன்னொரு அவசரம் தற்கொலை எண்ணம். உலக அளவுல பாத்தா வயசு கூடக்கூட இந்த ஆபத்து கூடத்தான் செய்யுது, பெரியவங்க அதிகம் வெளிய சொல்லாம செய்றவங்களும் கூட. மாத்திரைய சேத்து வைக்கிறது, திடீர்னு பொருளெல்லாம் பிரிச்சுக் குடுக்குறது, சாப்பாட்டயும் மருந்தையும் வேணும்னே நிறுத்துறது, இதெல்லாம் எச்சரிக்கை. நேராவே கேளுங்க: "வாழ வேண்டாம்னு தோணுதா? ஏதாவது பண்ணிக்கணும்னு நினைச்சிருக்கீங்களா?" இப்படிக் கேட்டா இல்லாத எண்ணத்த நாமளே உண்டாக்கிடுவோம்னு பயப்படாதீங்க, கேக்குறதால ஆபத்து கூடாது, நிறைய பேருக்கு சொல்ல ஒரு ஆள் கிடைச்ச நிம்மதிதான் வரும். ஆமான்னா தனியா விடாதீங்க, மாத்திரை, பூச்சி மருந்து, கூர்மையான பொருள் எல்லாத்தையும் பூட்டி வைங்க, உங்க ஊர் அவசர நம்பருக்கோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ உடனே போன் போடுங்க. அந்த எண்ண இப்பவே தேடி போன்ல சேவ் பண்ணிட்டு மீதிய படிங்க.

3. ரெண்டு ஃபைல் போடுங்க

ஒண்ணு பெரியவருக்கு, இன்னொண்ணு உங்களுக்கு. உங்களுக்கு எதுக்குன்னு தோணும், 10வது படியில வரும்.

பெரியவர் ஃபைல்ல இருக்க வேண்டியது:

- அடையாள அட்டை நகல், இன்சூரன்ஸ் இருந்தா அந்த கார்டு, பாலிசி நம்பர்.
- இப்ப சாப்பிடுற எல்லா மருந்தும், அளவு, எந்த நேரம், யார் எழுதினது. கடையில நாமளா வாங்குற தூக்க மாத்திரை, சளி மருந்து, வலி மாத்திரை, மூலிகை மருந்து, வைட்டமின், கண் சொட்டு மருந்து எல்லாமே. சரியா எழுத வரலன்னா எல்லா அட்டையையும் ஒரு பையில போட்டு அப்படியே தூக்கிட்டுப் போங்க, டாக்டருக்கு அதுதான் வசதி.
- கடைசி ஒரு வருஷ ரத்த ரிப்போர்ட், ஆஸ்பத்திரியில இருந்து வந்த டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் எடுத்திருந்தா அந்த ரிப்போர்ட்.
- மது, புகையிலை பழக்கம், எவ்வளவு, எப்ப இருந்து. வெக்கப்பட்டு மறைக்காதீங்க, மருந்து தேர்வே இத வச்சு மாறும்.
- குடும்பத்துல யாருக்காவது டிப்ரஷன், மறதி நோய், தற்கொலை இருந்திருக்கான்னு ஒரு வரி.
- ஒரு பக்க டைரி. இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம்.

டைரின்னா கதை எழுத வேண்டாம். தேதி, தூங்கின நேரம், சாப்பிட்டாங்களா, என்ன சொன்னாங்க, என்ன செஞ்சாங்க, விழுந்தாங்களா. ரெண்டு வாரம் எழுதுனா போதும். டாக்டர் ரூம்ல பெரியவங்க நல்லா உக்காந்து சிரிச்சு "எனக்கு ஒரு குறையும் இல்ல டாக்டர்"னு சொல்லிட்டு வந்துடுவாங்க, அந்த நேரத்துல உங்க கையில தேதியோட பேப்பர் இருந்தாத்தான் பேச்சு வேற பக்கம் திரும்பும். "எப்பவும் இப்படித்தான்"ங்குறத விட "போன செவ்வாய்ல இருந்து குளிக்கல, மூணு கிலோ குறைஞ்சிருக்காங்க"ங்குறது டாக்டருக்கு உதவும்.

4. மொதல்ல உடம்ப பாருங்க

நேரா மனநல டாக்டர்கிட்ட போக முடிஞ்சா போங்க, தப்பில்ல, ஆனா எப்படியும் அவங்களும் இந்த டெஸ்ட்டத்தான் முதல்ல கேப்பாங்க. பொது மருத்துவர்கிட்டயே முடிச்சுட்டு ரிப்போர்ட்டோட போனா ஒரு விசிட் மிச்சம். கேக்க வேண்டியது: தைராய்டு, வைட்டமின் பி12, ரத்த அணுக்கள், சர்க்கரை, சோடியம் பொட்டாசியம், கால்சியம், கிட்னி, ஈரல். தைராய்டு கம்மியானாலோ பி12 கம்மியானாலோ ஆள் அப்படியே டிப்ரஷன் மாதிரியே இருப்பாங்க, மறதியும் வரும், சோடியம் இறங்கினா குழப்பமே வரும். இதெல்லாம் சரி பண்ணக்கூடியது.

அடுத்து காதும் கண்ணும். காது கேக்காதவங்க மெதுவா பேச்சுல இருந்து ஒதுங்கிடுவாங்க, நாம "ஒதுங்குறாங்க, மறதி வந்துடுச்சு"ன்னு நினைச்சுக்குவோம். லான்செட்ங்குற மருத்துவ இதழோட நிபுணர் குழு 2024ல வெளியிட்ட அறிக்கையில டிமென்ஷியாவுக்கு மாத்தக்கூடிய 14 காரணங்கள் சொல்லிருக்காங்க, அதுல காது கேக்காம போறதும் ஒண்ணு, டிப்ரஷனும் ஒண்ணு, தனிமையும் ஒண்ணு. காதுல அழுக்கு அடைச்சிருக்கான்னு பாக்குறதுல இருந்து ஆரம்பிங்க, அதுக்குப் பெருசா செலவே இல்ல.

மூணாவது மருந்து லிஸ்ட். பழைய டாக்டர் எழுதினத புது டாக்டர் தொட மாட்டார், இப்படியே சேந்து சேந்து கையளவு ஆயிடும். தூக்கத்துக்கும் பதட்டத்துக்கும் குடுக்குற பென்சோடயசிபைன் வகை மாத்திரை, அலர்ஜி சளிக்கு கடையில வாங்குற டைஃபென்ஹைட்ரமின் மாதிரி தூக்கம் வர வைக்கிற மருந்து, இதெல்லாம் பெரியவங்களுக்கு குழப்பத்தயும் விழுறதயும் கூட்டும். முதியவங்களுக்கு கவனமா குடுக்க வேண்டிய மருந்துகளுக்குன்னே பியர்ஸ் பட்டியல்னு ஒண்ணு இருக்கு, அமெரிக்க முதியோர் மருத்துவ சங்கம் 2023ல புதுப்பிச்சிருக்கு. டாக்டர்கிட்ட "இதுல எத நிறுத்தலாம்?"னு கேளுங்க. நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க, முக்கியமா அந்த பென்சோடயசிபைன், படக்குன்னு நிறுத்தினா வலிப்பு வரைக்கும் போகும், கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்.

5. யார்கிட்ட போறது, எப்படி கூட்டிட்டுப் போறது

வரிசைப்படி சொன்னா, முதியோர் மனநல மருத்துவர் கிடைச்சா அவங்க, இல்லன்னா பொது மனநல மருத்துவர், அதுவும் தூரம்னா முதியோர் மருத்துவர் அல்லது உங்க குடும்ப டாக்டரே ஆரம்பிக்கலாம். மறதி முக்கியப் பிரச்சனைன்னா மெமரி கிளினிக்னு தனியா நடத்துற ஆஸ்பத்திரி இருக்கான்னு விசாரிங்க. வீடியோ கன்சல்டேஷன் ரெண்டாவது மூணாவது விசிட்டுக்கு நல்லா உதவும், முதல் விசிட் நேர்லயே போங்க, நடை, கை நடுக்கம், எடை இதெல்லாம் திரையில தெரியாது.

கூட்டிட்டுப் போறதுதான் பெரும்பாடு. "எனக்கென்ன பைத்தியமா?"ன்னு கேப்பாங்க. வாதாடாதீங்க. அவங்களுக்கு எது தொல்லையா இருக்கோ அதச் சொல்லி கூப்பிடுங்க, "தூக்கம் வரலன்னு சொன்னீங்கல்ல, அதுக்குத்தான் பாக்கப் போறோம்". இது பொய் இல்ல, உண்மையிலயே அதுக்கும்தான் போறோம். ஆனா கண் டாக்டர்னு சொல்லி மனநல டாக்டர்கிட்ட கொண்டுபோய் நிறுத்துறது வேண்டாம், ஒரு தடவ நம்பிக்கை போச்சுன்னா அப்புறம் மாத்திரையே வாங்க மாட்டாங்க. நீங்களும் உங்களுக்கு ஒரு செக்கப் போட்டு "ரெண்டு பேரும் பாத்துட்டு வந்துடலாம்"னு கூப்பிட்டா நிறைய பேர் வந்துடுவாங்க. சுத்தமா வர மறுத்தா நீங்க மட்டும் போய் டாக்டர்கிட்ட பேசலாம், வீட்டுக்கு வந்து பாக்குற குழு இருக்கான்னு அங்கேயே கேக்கலாம்.

நேரம்: அவங்க தெளிவா இருக்குற நேரத்துக்கு அப்பாயின்மென்ட் வாங்குங்க, பொதுவா காலை. மறதி இருக்குறவங்களுக்கு சாயங்காலம் குழப்பமும் படபடப்பும் கூடும்.

6. டாக்டர் ரூம்ல

முதல் விசிட் நீளமா இருக்கும், அவசரமா வேற வேலை வச்சுக்காதீங்க. கேள்வித்தாள் மாதிரி ஒண்ணு போடுவாங்க. முதியோர் டிப்ரஷன் அளவுகோல்னு ஒண்ணு, சின்ன வடிவத்துல 15 கேள்வி, ஆமா இல்லன்னு பதில், 5க்கு மேல போனா மேல பாக்கணும்னு அர்த்தம். டிப்ரஷனுக்கே பிஎச்க்யூ-9ன்னு இன்னொண்ணு, கடைசி ரெண்டு வாரத்தப் பத்தி 9 கேள்வி, மொத்தம் 27, 10 அல்லது அதுக்கு மேல வந்தா கவனிக்கணும். மறதிக்கு மோகான்னு 30 மார்க் டெஸ்ட், 26க்கு கீழ வந்தா மேற்கொண்டு பாப்பாங்க. டிமென்ஷியா முத்துனவங்களால டிப்ரஷன் கேள்விகளுக்கு சரியா பதில் சொல்ல முடியாது, அவங்களுக்கு டிப்ரஷன் இருக்கான்னு பாக்க கார்னெல் அளவுகோல்னு 19 விஷயம் இருக்குற ஒண்ணு, அதுல உங்களையும்தான் கேப்பாங்க.

இங்க ஒரு பொறி இருக்கு. கண்ணாடி போடாம, காது மெஷின் போடாம, சரியா புரியாத மொழியில டெஸ்ட் வச்சா மார்க் குறையத்தான் செய்யும். அதிகம் படிக்காதவங்களுக்கும் அப்படியே. "இவங்க இவ்வளவுதான் படிச்சிருக்காங்க, இந்த மொழிதான் தெரியும்"னு டெஸ்ட்டுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. அதோட இந்த மார்க் எதுவும் நோய் முத்திரை இல்ல, டாக்டர் பேசிப் பாத்துதான் முடிவு பண்ணணும்.

பெரியவர் முன்னாடியே அவரப் பத்தி அவர் இல்லாத மாதிரி பேசாதீங்க. டைரிய முன்னாடியே குடுத்துடுங்க, தனியா பேச அஞ்சு நிமிஷம் கேளுங்க, அதே மாதிரி அவருக்கும் நீங்க இல்லாம டாக்டர்கிட்ட பேச நேரம் விடுங்க. வீட்டுல யாராவது அடிக்கிறாங்களா, பணம் புடுங்குறாங்களாங்குறத அப்பத்தான் சொல்ல முடியும்.

கிளம்புறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது: என்ன நோய்னு நினைக்கிறீங்க, இந்த மருந்து எப்ப வேலை செய்யும், என்ன பக்கவிளைவுன்னா உடனே போன் பண்ணணும், யாருக்கு போன் பண்ணணும், அடுத்த விசிட் எப்ப. பதில அங்கேயே எழுதிக்கோங்க.

7. மருந்து: அவசரப்படாதீங்க, பாதியில விடாதீங்க

டிப்ரஷன் மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி அன்னைக்கே கேக்காது. லேசான மாத்தம் தெரியவே ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், பெரியவங்களுக்கு முழு பலன் தெரிய எட்டு வாரம், அதுக்கு மேலயும் ஆகலாம். ஆனா வயித்துப் புரட்டல், படபடப்பு மாதிரி தொல்லையெல்லாம் முதல் வாரத்துலயே வந்துடும். இதனாலதான் நிறைய பேர் "ஒத்துக்கல"ன்னு தூக்கிப் போட்டுடுறாங்க. பெரும்பாலும் அது சில நாள்ல அடங்கும், தாங்க முடியலன்னா டாக்டர கூப்பிடுங்க, நீங்களா நிறுத்தாதீங்க.

பெரியவங்களுக்கு குறைஞ்ச டோஸ்ல ஆரம்பிச்சு மெதுவா கூட்டுவாங்க, அது சரியான முறைதான். டிப்ரஷனுக்கு அதிகமா எழுதுற எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை ஆரம்பிச்ச முதல் சில வாரத்துல சோடியம் இறங்க வாய்ப்பிருக்கு, முக்கியமா பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு. அதனால "சோடியம் டெஸ்ட் எப்ப எடுக்கணும்?"னு நீங்களே கேட்டு தேதி வாங்கிக்கோங்க. ஆஸ்பிரின், ரத்தம் உறையாம இருக்குற மருந்து சாப்பிட்டா அதையும் சொல்லுங்க, சேர்ந்தா ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும்.

சரியானதும் நிறுத்துறதுதான் அடுத்த பொறி. நல்லா ஆனதுக்கு அப்புறமும் குறைஞ்சது ஆறு மாசம், பெரியவங்களுக்கு ஒரு வருஷம் வரைக்கும் தொடரச் சொல்வாங்க. நிறுத்துறதும் டாக்டர் சொல்ற மாதிரி படிப்படியாத்தான்.

டிமென்ஷியா இருக்கவங்க ராத்திரி கத்துறாங்க, யாரையும் தூங்க விடலன்னு நாமளே டாக்டர்கிட்ட போய் "தூங்க ஏதாவது குடுங்க"ன்னு கேப்போம், எனக்குப் புரியுது, அந்த ராத்திரிகள் அவ்வளவு கொடுமை. ஆனா மனச்சிதைவு மாதிரி நோய்க்கு குடுக்குற ஆன்டிசைக்காட்டிக் வகை மருந்து டிமென்ஷியா இருக்கவங்களுக்கு பக்கவாத ஆபத்த கூட்டும், சாவு ஆபத்தயும் கூட்டுதுன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லயே எச்சரிச்சிருக்கு. சில நேரம் அது தேவைப்படும், குடுத்தா எவ்வளவு நாளைக்கு, எப்ப குறைப்பீங்கன்னு கேட்டுக்கோங்க. அதுக்கு முன்னாடி வலி இருக்கா, சிறுநீர் அடைச்சிருக்கா, பயமா, பசியா, ரூம் வெளிச்சம் போதலயான்னு பாருங்க, வாயால சொல்ல முடியாததத்தான் அவங்க கத்திச் சொல்றாங்க.

டிப்ரஷன் ரொம்ப மோசமாகி தண்ணி சோறு எடுக்காம படுத்துட்டவங்களுக்கு டாக்டர் மின் அதிர்வு சிகிச்சை சொன்னா அலறி ஓடாதீங்க. மயக்க மருந்து குடுத்துத்தான் செய்றாங்க, பெரியவங்களுக்கு நல்லா வேலை செய்யுது, தற்காலிகமா கொஞ்சம் மறதி வரலாம். பயத்தயெல்லாம் கேள்வியா மாத்தி டாக்டர்கிட்டயே கேளுங்க.

8. மாத்திரை இல்லாத பாதி

பேச்சு சிகிச்சை, அதாவது மனநல நிபுணரோட உக்காந்து பேசி சரி பண்ற முறை, வயசானவங்களுக்கு ஒத்துவராதுன்னு சொல்றது தப்பு, நல்லாவே வேலை செய்யுது. வாரம் ஒரு தடவை, பொதுவா எட்டுல இருந்து பன்னெண்டு தடவை போக வேண்டியிருக்கும். லேசான டிப்ரஷன்னா மாத்திரைக்கு முன்னாடி இத முயற்சி பண்ணலாமான்னு கேளுங்க.

வீட்டுல செய்ய முடியுறது, ஒரு நாளைக்கு ஒரு சின்ன வேலை. "மனசு நல்லாகட்டும், அப்புறம் செய்யலாம்"னு அவங்க சொல்வாங்க, ஆனா இது தலைகீழாத்தான் நடக்கும், செய்ய ஆரம்பிச்சாத்தான் மனசு நகரும். பத்து நிமிஷ நடை, செடிக்கு தண்ணி, ஒரு பழைய நண்பருக்கு போன், துணி மடிக்கிறது. வேலையெல்லாம் நீங்களே புடுங்கி செஞ்சுட்டு "நீங்க சும்மா உக்காருங்க"ன்னு பாசமா சொல்றது அவங்கள இன்னும் கீழதான் தள்ளும், தன்னாலயும் வீட்டுக்கு ஏதோ பிரயோஜனம் இருக்குன்னு அவங்களுக்குத் தோணணும். பகல்ல நீளமா தூங்க விடாதீங்க, காலை வெளிச்சம் மேல படட்டும்.

9. செலவும் சட்டப் பேப்பரும்

செலவ மூணா பிரிச்சு ஒரு தாள்ல எழுதுங்க. ஒரு தடவை வர்றது: முதல் விசிட், ரத்த டெஸ்ட், ஸ்கேன், காது மெஷின். மாசா மாசம் வர்றது: மருந்து, ஃபாலோஅப், பேச்சு சிகிச்சை, ஆள் வச்சா சம்பளம், பகல்நேர பராமரிப்பு மையம். மூணாவது நாம எழுதவே மறக்குறது: உங்க லீவு, நீங்க விட்ட ஓவர்டைம், போக்குவரத்து. நீண்ட நாள் ஓடுற கேஸ்ல குடும்பத்த கவுக்குறது மருந்து பில் இல்ல, ஆள் சம்பளமும் உங்க வருமான இழப்பும்தான். அண்ணன் தம்பி அக்கா தங்கச்சியோட பங்கு பேசும்போது இந்த மூணாவது வரியையும் மேசையில வைங்க.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல கேளுங்க: மனநோய்க்கு கவர் இருக்கா, அட்மிட் ஆகாம பாக்குற விசிட்டுக்கு உண்டா, காத்திருப்பு காலம் எவ்வளவு, முன் அனுமதி வேணுமா. போன்ல சொல்ற பதில நம்பி பணம் கட்டாதீங்க. அரசு ஆஸ்பத்திரி, மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவு இருந்தா அங்க விசாரிங்க, மருந்துல அதே மூலப்பொருள் விலை குறைஞ்ச பிராண்டுல இருக்கான்னு கேளுங்க. ஞாபக சக்தி டானிக்ல காசு விடாதீங்க. ஜிங்கோ மூலிகைய 3,000க்கும் மேல முதியவங்களுக்கு வருஷக்கணக்கா குடுத்துப் பாத்த ஆராய்ச்சி 2008ல வந்துச்சு, டிமென்ஷியாவ அது தடுக்கல.

சட்டப் பேப்பர் விஷயத்துல நேரம்தான் எல்லாம். பெரியவருக்கு புரிஞ்சு கையெழுத்துப் போடுற தெளிவு இருக்கும்போதே முடிக்கணும். நிறைய நாடுகள்ல சாதாரண பவர் ஆஃப் அட்டர்னி, குடுத்தவருக்கு மனத்தெளிவு போனதும் செல்லாம போயிடும், தெளிவு போனதுக்கு அப்புறமும் நிக்கிற வகை தனியா இருக்கலாம், இல்லன்னா கோர்ட் மூலமா பாதுகாவலர் ஆகணும், அது மாசக்கணக்கு. உங்க நாட்டுல எதுன்னு ஒரு வக்கீல்கிட்ட கேட்டுடுங்க. கையெழுத்து போடுற நாளுக்கு பக்கத்துல "புரிஞ்சு முடிவெடுக்குற நிலையில இருக்கார்"னு டாக்டர் சர்ட்டிஃபிகேட் வாங்கி வச்சா பின்னால சண்டை வராது. டிமென்ஷியான்னு பேர் வந்துட்டதால மட்டும் அந்தத் தெளிவு போயிடாது, அவங்க கருத்தத்தான் முதல்ல கேக்கணும். டிப்ரஷன் உச்சத்துல இருக்கும்போது வீட்ட விக்கிறது, சொத்து எழுதுறது எதுவும் வேண்டாம், குணமாகட்டும். அவங்க பணத்துல நீங்க எடுக்குற ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வைங்க.

10. உங்க ஃபைல்

இப்ப அந்த ரெண்டாவது ஃபைல திறங்க. அதுல உங்க கடைசி ரத்த டெஸ்ட், உங்க மருந்து, உங்க தூக்க நேரம், உங்க அப்பாயின்மென்ட் தேதி. பெரியவரோட முதல் விசிட் போடுற அதே வாரத்துல உங்க பேர்லயும் ஒரு விசிட் போடுங்க. பாத்துக்கிறது வயசான கணவரோ மனைவியோன்னா இது இன்னும் கட்டாயம், அவங்களும் பெரியவங்கதான, அவங்க பிரஷர் மாத்திரை தீர்ந்து போனத யாருமே கவனிச்சிருக்க மாட்டாங்க.

எவ்வளவு சுமைன்னு அளக்க ஸரிட் அளவுகோல்னு 22 கேள்வி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 4, மொத்தம் 88. "உங்களுக்குன்னு நேரமே இல்லன்னு தோணுதா", "அவங்க பக்கத்துல இருக்கும்போது கோவம் வருதா" மாதிரி கேப்பாங்க. டாக்டர்கிட்டயோ சமூகப் பணியாளர்கிட்டயோ கேட்டு எழுதுங்க, மூணு மாசம் கழிச்சு மறுபடி எழுதி ஒப்பிட்டுப் பாருங்க. கோவம் வருது, சில நாள் "இது எப்ப முடியும்"னு தோணுதுன்னா நீங்க கெட்டவங்க இல்ல, உங்களுக்கு ஓய்வு பத்தலன்னு அர்த்தம். ஆனா கை ஓங்கிட்டீங்க, அறையில பூட்டி வைக்கணும்னு தோணுதுன்னா அன்னைக்கே அவங்க பத்திரமா இருக்குற மாதிரி பாத்துட்டு வெளிய வாங்க, வேற ஒருத்தர கூப்பிடுங்க, டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

உதவி கேக்கும்போது பொதுவா "கொஞ்சம் பாத்துக்கோங்க"ன்னு கேக்காதீங்க, யாரும் வர மாட்டாங்க. "சனிக்கிழமை காலை பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும் நீ இருக்கணும்", "மருந்து வாங்குறது உன் பொறுப்பு", "இன்சூரன்ஸ் போன் கால் எல்லாம் நீ பேசு"ன்னு பேர் சொல்லி, நேரம் சொல்லி கேளுங்க. தூரத்துல இருக்குற தம்பியால கூட போன்ல செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கு. அந்த மூணு மணி நேரத்துல வீட்டு வேலை செய்யாதீங்க. தூங்குங்க, வெளிய போங்க.

பாத்துக்கிறவங்களுக்குன்னே சோதிச்சுப் பாத்த பயிற்சிகள் இருக்கு. டிமென்ஷியா வீட்டுல இருக்கவங்களுக்கு ஐசப்போர்ட்னு உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆன்லைன் பயிற்சி உருவாக்கிருக்கு. லண்டன்ல ஸ்டார்ட்னு எட்டு அமர்வுல ஒரு திட்டம் நடத்தி 2013ல முடிவு வெளியிட்டாங்க, அதுல சேர்ந்தவங்களுக்கு டிப்ரஷனும் பதட்டமும் குறைஞ்சுச்சு, ரெண்டு வருஷம் கழிச்சும் அந்தப் பலன் நின்னுச்சு. எட்டே அமர்வு. "எனக்கு நேரமே இல்ல"ன்னு சொல்றவங்களுக்கு நான் இத திரும்பத் திரும்பச் சொல்றேன். நூத்துக்கும் மேல நாடுகள்ல அல்சைமர் சங்கங்கள் இருக்கு (அல்சைமர்ங்குறது டிமென்ஷியாவுல ரொம்ப சகஜமான வகை), உங்க ஊர் கிளைய கூப்பிட்டு ஆதரவுக் குழு எப்ப கூடுதுன்னு கேளுங்க.

முதியோர் இல்லத்துல சேக்குற நிலைமை வந்தாலும், அவங்க இறந்து போனாலும் உங்க ஃபைல மூடாதீங்க. நாள் பூரா ஓடிட்டு இருந்த ஆளுக்கு திடீர்னு வேலையே இல்லாம போகும், குற்ற உணர்ச்சி வரும், தூக்கம் திரும்ப வராது. ஏற்கனவே போட்ட அப்பாயின்மென்ட்ட "இனிமே எதுக்கு"ன்னு கேன்சல் பண்ணாம போய்ட்டு வாங்க, அங்கேயே மூணாவது மாசத்துக்கு ஒண்ணு, ஆறாவது மாசத்துக்கு ஒண்ணு தேதி வாங்கிக்கோங்க, அந்தத் தேதிய வீட்டுல இன்னொருத்தர் போன்லயும் போட்டு வைங்க.